மார்கழிப் பனியில் நாய்க்குட்டியை வெளியே போகப் பழக்குதல்: மணல் குழியும் பத்து நிமிட மடியும்

"வேலூர்ல ஏது சார் குளிரு?" என்று கேட்பவர்கள் மார்கழி விடியற்காலை 5 மணிக்குப் பின்கட்டு சிமெண்ட் தரையில் வெறுங்காலோடு ஐந்து நிமிடம் நின்று பார்க்கலாம். சித்திரையில் 40 டிகிரியைத் தாண்டும் இதே ஊரில் அந்த நேரம் 16, 17 டிகிரிதான் இருக்கும். திருப்பத்தூர், ஜமுனாமரத்தூர் பக்கம் இன்னும் குறையும். ஏலகிரி மேலே போனால் ஐந்தாறு டிகிரி இறங்கிவிடும். வளர்ந்த நாய்க்கு இது ஒன்றுமில்லை. ஆனால் எட்டு வாரக் குட்டியின் வயிறு தரையிலிருந்து நாலு விரல் உயரத்தில்தான் இருக்கிறது. அந்த வயிற்றில் முடியும் கிடையாது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, நம் தெரு நாட்டுக் குட்டி எல்லாமே ஒற்றை ரோமத் தோல். பனி ஈரம் பட்ட தரையில் அதை இறக்கிவிட்டால் ஒரு காலைத் தூக்கும், பிறகு மறு காலைத் தூக்கும், கடைசியில் நம் செருப்பின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்ளும். பாவம் என்று தூக்கி உள்ளே விட்டதும் டிவி ஸ்டாண்டுக்குப் பின்னால் மூத்திரம் போய்விட்டு வரும்.

இதைப் பலர் திமிர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நடப்பதை வரிசையாகப் பார்த்தால் குட்டி கணக்காகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறது என்பது புரியும். வெளியே போனால் குளிர், நடுங்கி நின்றால் தூக்கிக்கொள்வார்கள், உள்ளே தரை காய்ந்திருக்கிறது. மூன்று நாள் இப்படிப் போனால் பாடம் பதிந்துவிடும். அதனால் குளிர்காலப் பயிற்சியில் வேலை இரண்டுதான். வெளியே அது நிற்கும் இடத்தைக் காய்ந்ததாகவும் காற்றில்லாததாகவும் செய்து வைப்பது ஒன்று. போகாமல் உள்ளே வந்த குட்டியைத் தரையில் விடாமல் இருப்பது இன்னொன்று. தோற்பவர்கள் பெரும்பாலும் இரண்டாவதில்தான் தோற்கிறார்கள்.

இன்னொரு சிக்கலும் உண்டு. குளிர் பட்டதும் தோலுக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கும், ரத்தம் உடம்பின் நடுவே திரளும், தண்ணீர் கூடிவிட்டது என்று எடுத்துக்கொண்டு சிறுநீரகம் அதிகமாக வெளியேற்றும். மார்கழி இரவில் நம்மை இரண்டு தடவை எழுப்பிவிடுவதும் இதேதான். வெயில் காலத்தில் நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கியே கொஞ்சம் நீரை இழக்கும் குட்டிக்கு இப்போது அந்த வழியும் இல்லை. ஆக, வெளியே போகப் பிடிக்காத அதே மாதத்தில்தான் அடிக்கடி போகவேண்டியும் வருகிறது. ஆனியில் வளர்த்த குட்டிக்குப் போட்ட நேரக் கணக்கை மார்கழிக் குட்டிக்கு அப்படியே போட்டால் ஒத்துவராது.

இடம் எங்கே

வாசல் வேண்டாம். கடைசித் தடுப்பூசி போட்டு இரண்டு வாரம் ஆகும் வரை தெரு மண்ணில் குட்டியின் கால் படக்கூடாது. குட்டிகளுக்கு வாந்தியும் ரத்தப் பேதியும் தரும் பார்வோ வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், நிழலும் ஈரமும் உள்ள இடத்தில் இன்னும் அதிக நாள். சித்திரை வெயில் அதைக் கொஞ்சமாவது சுட்டெரிக்கும், மார்கழியில் அந்த உதவியும் இல்லை. அதோடு மார்கழி வாசல் என்பது சாணி தெளித்துக் கோலம் போட்டு, நடுவில் பூசணிப் பூ வைத்த இடம். குட்டி சாணி உருண்டையைத் தின்னும், கலர் பொடியை நக்கும், புள்ளிக்கோலத்தின் நட்டநடுவில் உட்காரும். அக்கம்பக்கத்து உறவும் கெடும்.

பின்கட்டு அல்லது பக்கவாட்டுச் சந்தில், முடிந்தால் வீட்டின் தெற்குச் சுவரை ஒட்டி இடம் பாருங்கள். அதற்கு மூன்று காரணம். வாடைக்காற்று வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருகிறது, வீடே அதற்குத் தடுப்பாகிவிடும். தை மாதம் வரை சூரியன் தெற்கே சாய்ந்து போவதால் தெற்குப் பக்கத்தில் பகல் முழுக்க வெயில் விழும். அந்த வெயிலில் சூடேறிய சுவர் இரவில் மெல்ல மெல்லத்தான் ஆறும். தெற்கு கிடைக்காவிட்டால் மேற்குச் சுவர். வடக்குப் பக்கம்தான் இருக்கிறது என்றால் காற்று வரும் திசையில் இரண்டடி உயரத்துக்கு ஒரு தட்டி கட்டினால் போதும். குட்டி நிற்கும் உயரத்தில் காற்று அடிக்கக்கூடாது, அவ்வளவுதான் கணக்கு.

குட்டி தூங்கும் இடத்திலிருந்து அங்கே போக இருபது எட்டுக்கு மேல் ஆகக்கூடாது. தூரம் கூடக்கூட வழியிலேயே காரியம் முடிந்துவிடும்.

மணல் குழி

அளவு 4 அடிக்கு 3 அடி. குட்டி ஒரு சுற்று சுற்றி உட்கார இது போதும். தரை மண்ணாக இருந்தால் நாலு அங்குலம் தோண்டுங்கள். சிமெண்ட் தரையாக இருந்தால் செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி வரப்பு கட்டுங்கள், பூச்சு வேலை எதுவும் வேண்டாம். நாலு அங்குல உயரத்துக்கு நிரப்ப 4 கன அடி மணல், அதாவது சிமெண்ட் மூட்டைக் கணக்கில் மூன்றேகால் மூட்டை. வீடு கட்டி மிஞ்சிய ஆற்று மணல் இருந்தால் அதுவே நல்லது, சலித்துப் போடுங்கள். எம்-சாண்ட் வேண்டாம். அதன் மணி கூராக இருக்கும், மாவுத்தூள் ஈரத்தில் கட்டியாகிக் கால் விரலிடுக்கில் ஒட்டும், குட்டி நக்கிக்கொண்டே இருக்கும். எம்-சாண்ட்தான் கிடைக்கிறது என்றால் இரண்டு தடவை தண்ணீரில் அலசிக் காயவைத்துப் போடலாம். சிமெண்ட் தரை மேல் கட்டினால் ஒரு மூலையில் செங்கல்லுக்கு இடையே விரல் நுழையும் சந்து விடுங்கள், நீர் வடியட்டும்.

மேலே கூரை தேவை. மழைக்காகக் கேட்கவில்லை, பனிக்காகத்தான். தெளிந்த வானம் இருக்கும் இரவில் தரைச் சூடு நேராக மேலே போய்விடுவதால்தான் தரை குளிர்ந்து பனி இறங்குகிறது. மேலே எது மறைத்தாலும் அது நிற்கும். மரத்தடியில் நிறுத்திய வண்டியின் சீட் நனையாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதே விஷயம். நாலு சவுக்குக் கம்பு நட்டு, சுவர் பக்கம் 4 அடி, எதிர்ப்பக்கம் 3 அடி உயரத்தில் ஒரு தார்ப்பாயைச் சரிவாகக் கட்டுங்கள். நாம் உள்ளே நுழையவேண்டியதில்லை, கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே நின்றால் போதும். நிரந்தரமாக முடிச்சுப் போட்டு இறுக்காதீர்கள். மாலை 5 மணிக்கு விரித்து, காலை 8 மணிக்குச் சுருட்டிவிட வேண்டும். பகல் வெயில் மணலில் நேராகப் படவேண்டும், காய்வதற்கும் கிருமி குறைவதற்கும் அதுதான் வழி.

மணலைத் தேடி முதலில் வருவது உங்கள் குட்டியாக இருக்காது, எதிர்வீட்டுப் பூனையாக இருக்கும். பூனை மலத்தால் வரும் தொல்லை தனி. பயன்படுத்தாத நேரத்தில் ஒரு பழைய கோழி வலையை மணல் மேல் விரித்து நாலு செங்கல்லை ஓரத்தில் வையுங்கள். அந்தச் செங்கல்லைத் தூக்கும்போது கவனம். குளிரில் தேள் அதனடியில் ஒண்டியிருக்கும், மலையடிவாரத் தெருக்களில் பாம்பும் வரும். டார்ச் அடித்துப் பார்த்து, குச்சியால் இரண்டு தட்டு தட்டிய பிறகுதான் குட்டியை இறக்கவேண்டும்.

மலத்தை அன்றன்றே அள்ளிவிடுங்கள். கொக்கிப்புழு முட்டை ஈர மணலில் சில நாளில் பொரித்து, வெறுங்கால் வழியாகக் குழந்தைகளுக்கும் ஏறும். மூத்திரம் பட்டு உருண்ட மணலை ஒரு பழைய சல்லிக் கரண்டியால் தினமும் எடுத்துவிட்டு, வாரம் ஒருமுறை மேலே ஒரு அங்குலம் புது மணல் தூவுங்கள். சுண்ணாம்பு, பிளீச்சிங் பவுடர் போட்டு 'சுத்தம்' செய்யாதீர்கள். பாதம் பொத்துப்போகும், நெடி தாங்காமல் குட்டி அந்தப் பக்கமே போகாது.

மாடி வீட்டுக்காரர்களுக்கு: மொட்டை மாடித் தட்டோடு இரவில் ஊரிலேயே அதிகம் குளிர்ந்துபோகும் தரை. நடுவில் வைக்காமல் மாடிப்படிக் கூண்டின் ஓரத்தில், காற்று மறைவாக, 3 அடிக்கு 2 அடி தகர டிரேயில் இரண்டு அங்குல மணல் போடுங்கள். ஒரு கன அடி மணல் போதும், எடை சுமார் 45 கிலோ. கோணிச் சாக்கு விரித்துப் பழக்குவது சுலபமாகத் தெரியும், ஆனால் பிறகு கால் மிதியடி எல்லாம் அதற்குச் சாக்காகவே படும். பேப்பர் விரித்துப் பழக்கினாலும் இதே கதைதான். காலையில் வாசலில் வந்து விழும் பேப்பரை நீங்கள் படிப்பதற்குள் அது முடித்துவிடும். எட்டாவது, ஒன்பதாவது வாரத்தில் காலுக்கு எந்தத் தரை பழகுகிறதோ அந்தத் தரையைத்தான் பிறகும் தேடும்.

படுக்கை

குளிரில் விழித்த குட்டி உடனே போகும். கதகதப்பாகத் தூங்கும் குட்டி ஒரு மணி நேரம் கூடத் தாங்கும். அதனால் இரவுப் படுக்கையும் இந்தப் பயிற்சியில் பாதி. மார்க்கெட்டில் தக்காளி வரும் பிளாஸ்டிக் கிரேட், இரண்டடிக்கு ஒன்றேகால் அடி அளவு, 3 கிலோ வரை உள்ள குட்டிக்குச் சரியாக இருக்கும். எழுந்து நிற்க, திரும்ப, நீட்டிப் படுக்க இடம் இருந்தால் போதும். அதைவிடப் பெரிதாக இருந்தால் ஒரு மூலையில் படுத்து மறு மூலையில் போய்விடும். மொசைக், டைல்ஸ் தரையில் நேராக வைக்காமல் அடியில் ஒரு பிளைவுட் துண்டோ மடித்த கோணியோ போடுங்கள். உள்ளே பழைய காட்டன் புடவை நாலு மடிப்பு. இரவு 10 மணிக்கு ஒரு லிட்டர் பாட்டிலில் கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் ஊற்றி, மூடியை இறுக்கி, துண்டில் சுற்றி ஒரு ஓரத்தில் வையுங்கள். குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கம் இடம் இருக்கவேண்டும். மூடியைக் கடிக்கும் குட்டியாக இருந்தால் பாட்டில் வேண்டாம், இன்னொரு புடவை போடுங்கள்.

கிரேட் உங்கள் கட்டில் பக்கத்தில் இருக்கட்டும். ஹாலில் வைத்தால் அது முனகுவது கேட்காது, இரவு 2 மணிக்கு மணலுக்குக் கூட்டிப்போவது தவறிவிடும்.

வெளியே போகும்போது மட்டும் போட ஒரு சட்டை. பழைய ஸ்வெட்டரின் கை ஒன்றை வெட்டுங்கள், மணிக்கட்டுப் பக்கம் கழுத்துக்கு வரும். கழுத்திலிருந்து மூன்று விரல் தள்ளி முன்னங்கால்களுக்கு இரண்டு ஓட்டை. இதில் எல்லோரும் செய்யும் தவறு வயிற்றுப் பக்கம். ஆண் குட்டிக்கு மூத்திரத் துவாரம் வயிற்றின் நடுவிலேயே இருக்கிறது. முதுகுப் பக்கம் வால் வரை விடலாம், வயிற்றுப் பக்கம் அந்தத் துவாரத்துக்கு இரண்டு அங்குலம் முன்பே வெட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் முறையே கம்பளி நனைந்து, ஈரத் துணி சுற்றிய குட்டி சட்டையே போடாத குட்டியைவிட அதிகம் நடுங்கும். உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள்.

ஒரு நாளின் ஓட்டம்

மாதக் கணக்கோடு ஒன்றைக் கூட்டினால் எத்தனை மணி நேரம் அடக்கும் என்று ஒரு உத்தேசம் சொல்வார்கள். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். அது தூங்கும்போது மட்டும்தான் பொருந்தும், அதுவும் அதிகபட்சம். விழித்து விளையாடும் நேரத்தில் முக்கால் மணிக்கு ஒரு தடவை என்று வைத்துக்கொள்ளுங்கள். தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 5 முதல் 30 நிமிடத்துக்குள், விளையாட்டு நடுவில் சட்டென்று நிறுத்தி மோப்பம் பிடித்துக்கொண்டு ஒதுங்கும்போது, இந்த மூன்றும் கட்டாயப் பயணங்கள். ஒன்பது வாரக் குட்டிக்கு மார்கழியில் வேலை செய்யும் நேர வரிசை இது:

அதிகாலை 5.00: கிரேட்டிலிருந்து தூக்கி நேராக மணலுக்கு. நடக்கவிடவேண்டாம்.
6.30: சாப்பாடு. 6.45க்கு மணல்.
8.00: தார்ப்பாயைச் சுருட்டிவிட்டு வெயிலில் விளையாட்டு, நடுவில் இரண்டு தடவை மணல்.
11.00: சாப்பாடு, மணல், பிறகு தூக்கம்.
மாலை 3.30: சாப்பாடு, மணல்.
5.00: தார்ப்பாய் விரிப்பு.
7.00: கடைசிச் சாப்பாடு, மணல்.
9.00: தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்தல். பகலில் எடுக்கவே கூடாது. வயிறு போகும் நாளில் இரவிலும் எடுக்கக்கூடாது.
இரவு 11.00: கடைசிப் பயணம். பிறகு 2.00க்கு ஒன்று.

இரவுப் பயணத்தில் பேச்சு, கொஞ்சல், விளக்கு எதுவும் வேண்டாம். டார்ச் மட்டும் போதும். கொஞ்சினால் நாளை 1 மணிக்கே விளையாடக் கூப்பிடும்.

முதல் வாரம் ஒரு நோட்டில் நேரத்தை எழுதுங்கள். வெளியே போனால் 'வெ', உள்ளே போனால் 'உ', பக்கத்தில் அதற்கு முன் என்ன செய்தது என்று ஒரு சொல். நாலு நாள் எழுதினால் உங்கள் குட்டியின் கணக்கு கையில் வந்துவிடும். 'உ' எல்லாம் மாலை 6க்கும் 7க்கும் நடுவில் குவிந்திருந்தால், வீட்டில் எல்லோரும் வந்து சேரும் சந்தடியில் யாரும் அதைக் கவனிக்கவில்லை என்று அர்த்தம்.

மணலில் இறக்கிய பிறகு

முதல் மூன்று நாள், குட்டியின் மூத்திரம் துடைத்த துணியை மணலின் ஒரு மூலையில் ஒரு அங்குலம் ஆழத்தில் புதைத்து வையுங்கள். மூக்கு வழிகாட்டும். கயிறு மாட்டியே இறக்குங்கள், நாலடி நீளம் போதும். நீங்கள் ஒரே இடத்தில் அசையாமல் நில்லுங்கள். கூடவே நடந்தால் விளையாட்டு என்று நினைக்கும்.

குந்த ஆரம்பித்ததும் மெல்லிய குரலில் ஒரே சொல். 'மூச்சா' பெரும்பாலான வீடுகளுக்குச் சரி. வீட்டில் கைக்குழந்தை இருந்து அதே சொல் நாளைக்குப் பத்து தடவை காதில் விழும் என்றால் வேறொன்று வையுங்கள். முதல் வாரம் அது போகும்போது மட்டும் சொல்லவேண்டும். போவதற்கு முன்னால் பத்து தடவை சொல்லிக்கொண்டிருந்தால் அந்தச் சொல் வெறும் இரைச்சலாகிவிடும். இரண்டாவது வாரத்திலிருந்து மணலில் இறக்கியதும் ஒரு தடவை சொல்லலாம்.

முடித்த அடுத்த நொடியில் வாயில் துண்டு விழவேண்டும். வேகவைத்த கோழி ஈரல், பொட்டுக்கடலை அளவு. சட்டைப் பையில் சின்ன டப்பாவில் தயாராக இருக்கட்டும். உள்ளே வந்து பிரிட்ஜைத் திறந்து எடுத்துக் கொடுத்தால், உள்ளே வந்ததற்குப் பரிசு கொடுத்ததாகத்தான் அதற்குத் தெரியும்.

குட்டிகள் ஒரே மூச்சில் முழுக்கக் காலி செய்வதில்லை. குளிரில் முதல் தவணையைச் சுருக்கமாக முடித்துக்கொண்டு கதவைப் பார்க்கும். ஈரல் கொடுத்த பிறகு இன்னும் ஒரு நிமிடம் நில்லுங்கள், இரண்டாவது தவணை வரும். "வெளியேயும் போச்சு, வந்த அஞ்சு நிமிஷத்துல உள்ளேயும் போச்சு" என்ற புலம்பலுக்குக் காரணம் இந்த ஒரு நிமிடம்தான். முடிந்ததும் பாதங்களையும் வயிற்றையும் காய்ந்த துணியால் துடைத்து, உள்ளே கொண்டுபோய்த் தரையில் விட்டு விளையாடுங்கள்.

போகவில்லை என்றால்

ஐந்து நிமிடம் பாருங்கள். அதற்கு மேல் நிறுத்தினால் குளிரைத் தவிர வேறெதுவும் அதன் மண்டையில் ஏறாது. ஐந்து நிமிடத்தில் போகாவிட்டால் திட்டாமல் தூக்கி உள்ளே வந்து, போர்வைக்குள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடம். தரையில் கால் படக்கூடாது. சோபாவில் விடக்கூடாது, "ஒரு நிமிஷம் டீ எடுத்துட்டு வந்துடறேன்" என்று பையன் கையில் கொடுத்துவிட்டுப் போகக்கூடாது. பையன் கீழே விட்டுவிடுவான். வேறு வேலை இருந்தால் கிரேட்டில் போட்டு மூடுங்கள். தான் படுக்கும் இடத்தையும் தன்னைப் பிடித்திருக்கும் மடியையும் குட்டி பெரும்பாலும் நனைக்காது. பத்து நிமிடத்தில் உடம்பு சூடாகும், மூத்திரப் பை நிறைந்துகொண்டே இருக்கும். நெளிய ஆரம்பிக்கும். நெளிந்ததும் மறுபடி மணல், மறுபடி ஐந்து நிமிடம். இரண்டாவது சுற்றில் பெரும்பாலும் வேலை முடிந்துவிடும், அரிதாக மூன்றாவது.

காலை 5 மணிக்கு இரண்டு சுற்று என்றால் அரை மணி நேரம் போய்விடும், வேலைக்குப் போகிறவர்களுக்கு எரிச்சல்தான். ஆனால் இதை ஏழெட்டு நாள் விடாமல் செய்தால் வெளியே நிற்கும் நேரம் தானாகச் சுருங்கும். மணலில் கால் வைத்ததும் வேலையை முடித்தால் சீக்கிரம் சூட்டுக்குப் போகலாம் என்ற கணக்கைக் குளிரே அதற்குச் சொல்லிக்கொடுக்கிறது. வெயில் காலக் குட்டிக்கு இந்தப் புத்தி மெதுவாகத்தான் வரும், வெளியே பராக்குப் பார்க்க ஆயிரம் இருக்கும்.

நடுக்கத்தை மட்டும் அலட்சியப்படுத்தாதீர்கள். குட்டியின் இயல்பான உடல் சூடு 101 முதல் 102.5 பாரன்ஹீட். உள்ளே வந்து போர்த்திக் கால் மணி நேரமாகியும் நடுக்கம் நிற்காவிட்டால், அல்லது நடுக்கம் நின்று துவண்டு படுத்தால் ஆசனவாய் வழியாக வெப்பமானி வைத்துப் பாருங்கள். 99க்குக் கீழே என்றால் பயிற்சியை விட்டுவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

சாப்பாட்டில் நடக்கும் கோளாறு

"பால் சோறு போடும்மா, சின்னக் குட்டி" என்று எல்லா வீட்டுப் பாட்டியும் சொல்வார்கள். பால் குடி மறந்த குட்டிக்குப் பசும்பாலைச் செரிக்கும் சக்தி குறைந்துகொண்டே போகும், வயிறு இளகும். இளகிய வயிற்றுக்கு அடக்கத் தெரியாது, அதில் பயிற்சி பலிக்காது. கேழ்வரகுக் களியில் நார் அதிகம், அதையே வயிறு நிறையப் போட்டால் மலமும் அதிகம், தடவையும் அதிகம். சோறும் வேகவைத்த கோழியும், அல்லது குட்டிகளுக்கான உலர் தீவனம், எதுவானாலும் ஒன்றையே நாலு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். திடீரென்று மாற்றாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை ஆம்பூர் பிரியாணியில் மிஞ்சியதைப் போட்டால் திங்கள் விடியற்காலை மூன்று தடவை எழவேண்டும். அதில் இருக்கும் வெங்காயம் நாய்க்கு விஷம், வெந்த எலும்பு சிம்பாக உடைந்து குத்தும்.

குடற்புழு மருந்து எட்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பிறகு ஆறு மாதம் வரை மாதம் ஒன்று. தவறினால் எவ்வளவு ஒழுங்காகப் பழக்கினாலும் மலம் ஒழுங்காக வராது.

உள்ளே போய்விட்டால்

போகும்போது பார்த்தால் கைதட்டி நிறுத்தித் தூக்கிக்கொண்டு மணலுக்கு ஓடுங்கள். முடிந்த பிறகு பார்த்தால் ஒன்றும் செய்யாதீர்கள், துடைத்துவிடுங்கள். மூக்கை அதில் தேய்ப்பது, பேப்பரைச் சுருட்டி அடிப்பது எல்லாம் அதற்குச் சொல்லும் பாடம் ஒன்றுதான்: இவர் கண் முன்னால் போகக்கூடாது. அதன் பிறகு மணலிலும் உங்கள் முன்னால் போகாது, கட்டிலுக்கடியில் போகும்.

முதலில் பழைய துணியால் அழுத்தி ஒற்றி எடுங்கள், தேய்த்தால் பரவும். என்சைம் உள்ள சலவைத் தூள் ஒரு ஸ்பூன், அரை லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், கலந்து ஊற்றிப் பதினைந்து நிமிடம் ஊறவிட்டு எடுத்து, வெறும் தண்ணீரில் துடையுங்கள். டைல்ஸ் இடுக்கில் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்க்கவேண்டும், வாடை அங்கேதான் தங்கும். பழைய வீடுகளின் சிவப்பு ஆக்சைடு தரையில் விரிசல் இருந்தால் இரண்டு தடவை செய்யுங்கள். பினாயில் நம் மூக்கை மட்டும்தான் ஏமாற்றும். அடியில் இருக்கும் மூத்திர வாடை குட்டிக்கு அப்படியே தெரியும், அதோடு பினாயில் பட்ட பாதத்தை அது நக்கும். மூத்திரத்தின் மேல் நேராகப் பிளீச்சிங் கரைசலை ஊற்றினால் மூச்சை அடைக்கும் நெடி கிளம்பும். வினிகர் மொசைக், மார்பிள் மினுக்கைத் தின்றுவிடும்.

ஊர் சத்தம்

மார்கழியில் நாலரை மணிக்குக் கோயில் ஒலிபெருக்கி ஆரம்பிக்கும். குட்டிக்கு முதல் முறை அது இடி. பயந்த குட்டி அடக்கிக்கொள்ளும், அடக்கியதை உள்ளே வந்து விடும். முதல் வாரம் காலைப் பயணத்தை 4.15க்கே முடித்துவிடுங்கள். பிறகு பாட்டு ஓடும்போது ஈரல் கொடுத்துப் பழக்கலாம். போகி அன்று விடியலில் மேளமும் டயர் புகையும் இரண்டும் சேரும். அன்று மணலுக்கு நேராகப் போய் நேராக வாருங்கள், கயிறு இல்லாமல் இறக்கவே வேண்டாம். மிரண்ட குட்டி கேட் இடுக்கில் நுழைந்து ஓடிவிடும். பொங்கலுக்கு வரும் மாமா, சித்தப்பாவைக் கண்டதும் குனிந்து வாலைச் சுருட்டிச் சொட்டுவிடுவது பயிற்சிக் குறை கிடையாது. அது மரியாதையும் பயமும் கலந்தது. யாரும் குனிந்து தலையைத் தடவாமல் பக்கவாட்டில் உட்கார்ந்து கையை நீட்டினால் குறையும், வளர வளர நின்றுபோகும்.

பயிற்சியில் சேராத கோளாறுகளைத் தனியாகப் பார்க்கவேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை குந்திச் சொட்டு சொட்டாக விடுவது, முக்குவது, நிறம் சிவப்பது, இவை சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். வாந்தியும் நாற்றமடிக்கும் ரத்தப் பேதியும் சேர்ந்து வந்தால் பார்வோவாக இருக்கலாம், அன்றே கால்நடை மருத்துவமனைக்குப் போகவேண்டும், நாளைக்குப் பார்க்கலாம் என்பது இதில் கிடையாது. தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, பதினாறு வாரம் வரை இரண்டு முதல் நாலு வார இடைவெளியில் போடவேண்டும். வெறிநாய் தடுப்பூசி மூன்றாவது மாதத்தில்.

எப்போது முடியும்

பத்துப் பன்னிரண்டு வாரத்தில் தூக்கிக்கொண்டு போவதை நிறுத்தி, கயிற்றில் நடத்திக் கூட்டிப்போங்கள். அப்போதுதான் கதவருகே போய் நிற்கும் பழக்கம் வரும். இரவு 2 மணிப் பயணத்தை நிறுத்த, மூன்று நாளைக்கு ஒரு தடவை கால் மணி நேரம் தள்ளிக்கொண்டே போய் அதிகாலைப் பயணத்தோடு சேர்த்துவிடலாம். முழுசாக நம்ப நாலு முதல் ஆறு மாத வயது ஆகும். இரண்டு வாரம் 'உ' விழாமல் இருந்தது என்று கட்டுப்பாட்டைத் தளர்த்திய அடுத்த நாள் படுக்கையறையில் விழும். ஒவ்வொரு அறையாகத் திறந்துவிடுங்கள், வாரத்துக்கு ஒன்று.

தடுப்பூசி முடிந்து வெளி மண்ணுக்கு மாற்றும்போது, பழைய குழியிலிருந்து இரண்டு கை மணலைப் புது இடத்தில் தூவி, அங்கே 'மூச்சா' என்று சொன்னால் ஓரிரு நாளில் பிடித்துக்கொள்ளும். குழியையே தொடர்ந்து வைத்துக்கொள்பவர்கள் மாசி பாதியில் தார்ப்பாய் முறையைத் திருப்பிப் போடவேண்டும். இதுவரை இரவில் விரித்துப் பகலில் சுருட்டினீர்கள். இனிப் பகலில் விரித்து இரவில் சுருட்டுங்கள். பங்குனி உச்சிவெயிலில் தெற்குச் சுவரோர மணலில் புறங்கையை ஐந்து நொடி வைத்துப் பாருங்கள், வைக்க முடியாவிட்டால் குட்டியின் பாதத்தாலும் முடியாது.